தனியே வீடு திரும்பும் பாடம்

பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வாலாம்பாளிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குச் சாவி இல்லை. சாவி அவள் கணவர் பஞ்சாபகேசனின் சட்டைப் பையில், சிங்கப்பூரில் இருந்தது.

1942 ஜனவரி. ஜப்பான்காரன் மலாய்க்குள் இறங்கிவிட்டான் என்றதும், ரப்பர் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த பஞ்சாபகேசன் மனைவியைச் சிங்கப்பூர் வரை கூட்டிவந்து கப்பல் ஏற்றினார். "ரெண்டு வாரத்தில நானும் வந்துடறேன்" என்றார். அந்த நெரிசலில் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டார்.

மாட்டுங்காவில் அவளுடைய அண்ணா அனந்தநாராயணன் இருந்தார். அவர் விலாசம் பெட்டிக்குள் ஒரு நோட்டில் இருந்தது. கடிதத்தின் மேல் விலாசம் எழுதுவது எப்போதும் பஞ்சாபகேசன்தான். வாலாம்பாளுக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். பெட்டியின் மேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மத்தியானம் தாண்டிய பிறகு, அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அய்யாத்துரை என்ற திருநெல்வேலிக்காரர் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, காலைல இருந்து பாக்கேன். இந்த எடத்தையே சுத்திக்கிட்டு இருக்கீய. கூட்டிட்டுப் போக யாரும் வரலியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கருங்கல்லை எடுத்து ரெண்டே அடியில் பூட்டை உடைத்தார்.

"இம்புட்டுத்தான. இதுக்கா ஆறு மணி நேரம்?"

கேலியாகச் சொல்லவில்லை அவர். ஆனாலும் வாலாம்பாளுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு இருபத்துநாலு வயது. பூட்டை உடைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லையே என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதமே சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை, தந்தி இல்லை. அண்ணா வீட்டில் வாலாம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால்காரர் வருவதற்கு அரை மணி முன்னாலேயே மாடிப்படி இறங்கி நிற்பாள். காய்ந்த துணிகளை மடித்து வைப்பாள், உடனே எல்லாவற்றையும் உதறிப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

"வாலா, சித்தெ ஒரு இடத்தில உக்காரேன். நீ நடக்கறதைப் பாத்தா நேக்குத் தலை சுத்தறது" என்பாள் மன்னி அம்மிணி.

குண்டு விழும் என்று பயந்து அந்த வருஷம் பாதி பம்பாய் ஊரைவிட்டு ஓடியது. மாட்டுங்காவில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டொமஸ்டிக் ஸயன்ஸ் நடத்திய டீச்சரும் ஊருக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு முன்பு டிரெயினிங் முடித்திருந்த வாலாம்பாளைத் தலைமையாசிரியை விஜயலக்ஷ்மி ஜூன் மாதம் அந்த வேலையில் வைத்துக்கொண்டார்.

பாடப் புத்தகம் இங்கிலாந்திலிருந்து வந்தது. விருந்தாளி அறையின் கம்பளத்தை எந்தக் கிழமை தட்டுவது, வேலைக்காரிக்கு எதை எப்படிச் சொல்வது என்றெல்லாம் அதில் இருந்தது. அவளிடம் படித்த பெண்களோ ரெண்டு அறைக்குள் எட்டுப் பேராக இருந்தார்கள். வாலாம்பாள் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அவாவா ஆத்து விலாசத்தை முழுசா எழுதுங்கோ" என்றாள் முதல் நாள். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் எழுதினார்கள்.

"சரி, இன்னிக்கி சாயங்காலம் அப்பா ஆபீஸ்லேர்ந்து வரல்லே. எங்கே போய் யாரைக் கேப்பேள்?"

கனகம் என்ற பெண் அழுதேவிட்டாள். மறுநாள் காலை அவளுடைய அப்பா தலைமையாசிரியை முன்னால் நின்றார்.

அவர் போன பிறகு விஜயலக்ஷ்மி வாலாம்பாளைக் கூப்பிட்டார். "அமங்கலமான கேள்வியெல்லாம் எதுக்கு? சமையல், தையல், குழந்தையைக் குளிப்பாட்டறது. அது போறுமே."

"சமையலை அம்மாகிட்டேயே கத்துப்பா, மேடம். தந்தி ஆபீஸ் எங்கே இருக்குன்னு யார் சொல்லிக்கொடுப்பா?"

விஜயலக்ஷ்மி மேஜை மேலிருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். அதையே அனுமதி என்று வாலாம்பாள் எடுத்துக்கொண்டாள். தந்திப் பாரம் எழுதுவது, ஃபியூஸ் கம்பி மாற்றுவது, மருந்துச் சீட்டைப் படிப்பது, ரேஷன் வந்த பிறகு அதற்கான பாரம் நிரப்புவது என்று வேகவேகமாகச் சொல்லிக்கொடுத்தாள். மணி அடித்தாலும் நிறுத்தமாட்டாள். ஒரு தடவை, வீட்டில் அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை வேலைகளை மற்றவர்கள் பங்கு போட்டுச் செய்துவர வேண்டும் என்றாள். திங்கட்கிழமை பேராச்சி எழுந்து நின்றாள். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த பூலோகத்தின் மகள் அவள். அவர்கள் சந்திலிருந்து மாட்டுங்காவுக்குப் படிக்க வந்த முதல் பெண்.

"எங்கம்மைக்கு லீவு குடுத்தோம் டீச்சர். மத்தியானத்துக்குள்ள அழுதுட்டா. சும்மா இருந்தா கை நடுங்குதாம்."

எல்லாரும் சிரித்தார்கள். வாலாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

1943 ஜூலையில் ஒரு நாள், சாப்பிடும்போது அண்ணா மெதுவாக ஆரம்பித்தார். "ஒண்ணரை வருஷம் ஆயாச்சு, வாலா. வாத்தியாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கட்டுமா, என்ன செய்யணும்னு?"

செத்தவருக்குச் செய்யும் சடங்கைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "வேண்டாம்" என்று இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் எட்டுப் பெண்களைக் குர்லாவுக்கு ரயிலில் கூட்டிப்போனாள். டிக்கெட் வாங்குவது, பலகையைப் படிப்பது எல்லாம் பழக்கி, தானே திரும்பக் கூட்டிவருவதாகத்தான் ஏற்பாடு. குர்லா பிளாட்பாரத்தில் நின்றபோது அவளுக்கு என்ன வந்ததோ, ஒவ்வொரு ஜோடியின் கையிலும் டிக்கெட்டைத் திணித்தாள்.

"ரெண்டு ரெண்டு பேரா நீங்களே வந்து சேருங்கோ. நான் மாட்டுங்காவில நிக்கறேன்."

அடுத்த வண்டியில் ஏறிப் போயும்விட்டாள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பேர் வந்தார்கள். கனகமும் பேராச்சியும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. வாலாம்பாள் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடினாள். நின்ற ஒவ்வொரு வண்டியிலும் பெண்கள் பெட்டிக்குள் தலையை நீட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். விஷயம் தெரிந்து கனகத்தின் அப்பா வந்தார். சற்று நேரத்தில் பூலோகமும் வந்தார். கையில் இருந்த குடையை விரிக்க மறந்து முழுக்க நனைந்திருந்தார்.

ஆறரை மணிக்கு வந்த வண்டியிலிருந்து ரெண்டு பேரும் இறங்கினார்கள். எதிர்த் திசை வண்டியில் ஏறித் தாணா வரை போயிருந்தார்கள். கனகம் அங்கே அழுதுகொண்டு நின்றுவிட்டாள். பேராச்சி ஒரு காய்கறிக்காரியிடம் ஹிந்தியில் விசாரித்து, ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, ரயில் கார்டின் பொறுப்பில் திரும்பும் வண்டியில் இடம் வாங்கியிருந்தாள்.

"பலகையைப் பாக்காம ஏறிட்டோம் டீச்சர். தப்பு எங்க மேலதான்" என்றாள் பேராச்சி.

கனகத்தின் அப்பா பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பூலோகம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் வாலாம்பாளுக்கு ஒன்று உறைத்தது. துறைமுகத்தில் தான் பட்ட பாட்டை இந்தக் குழந்தைகளும் ஒரு தடவை படட்டும் என்று மனசில் எங்கோ நினைத்திருக்கிறோம். அதற்குப் பாடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

விஜயலக்ஷ்மி வேலையை விட்டுத் தூக்கவில்லை. இனிமேல் பெண்களோடு வாசல் தாண்டக்கூடாது என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். ரெண்டே நாளில் கனகம் பள்ளிக்கு வந்துவிட்டாள். பேராச்சி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாலாம்பாள் தாராவிக்குப் போனாள். தோல் வாடை தொண்டையை அடைத்தது. பூலோகம் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க நல்லவுகதான். ஆனா பிள்ளைய விட்டுட்டுப் போனீயல்லா?"

"ஆமா. விட்டுட்டுத்தான் போனேன். தப்புதான்."

"இனும அனுப்ப முடியாதும்மா. கோவிச்சுக்கிடாதீய."

அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும் போனாள். அவர் பதில் மாறவில்லை. நாலாவது தடவை, உள்ளேயிருந்து அவர் மனைவி மீனாட்சியம்மாள் வந்தாள். ஓய்வு நாளில் கை நடுங்கியது அவளுக்குத்தான்.

"அவுக பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டாக. நீங்க வாரம் தவறாம வந்து நிக்கீயள, இங்கயே ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. ரேசன் பாரத்துக்கு நான் ஒவ்வொருத்தன் கால்ல விழுந்துக்கிட்டு இருக்கேன்."

அப்படித்தான் அந்தச் சந்தில் இருந்த ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கியது. பதினொரு பெண்கள் வந்தார்கள். பாரத்தில் முதல் வரி விலாசம். அவர்கள் வீடுகளுக்கு நம்பரே கிடையாது. எப்படி எழுதினால் தபால் வரும் என்று அவர்களே சண்டை போட்டு, மசூதி, சந்து, தண்ணீர்க் குழாய் என்று அடையாளம் வைத்து ஆளுக்கொரு விலாசம் தீர்மானித்தார்கள். பேராச்சி அத்தனையையும் எழுதினாள். அவளுக்கு அழகான கையெழுத்து. ஆனால் மாட்டுங்கா பள்ளிக்கூடத்துக்கு அவள் கடைசிவரை திரும்பவில்லை. பதினாறு வயதில் கல்யாணம் ஆகிக் கோவில்பட்டிப் பக்கம் போய்விட்டாள்.

1945 அக்டோபரில் பஞ்சாபகேசனிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மறு வருஷம் மார்ச்சில் அவரே வந்தார். சயாம் காட்டில், ஜப்பான்காரனுக்காக ரயில் பாதை போட்ட கூலிகளின் பெயர்களைப் பட்டியல் எழுதும் வேலையில் மூன்று வருஷம் இருந்திருக்கிறார். ஆள் பாதியாகியிருந்தார். செத்துப்போனவர்கள் என்று பட்டியலில் தினமும் எத்தனை பெயரை அடித்தார் என்பதை மட்டும் ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இருவரும் செம்பூரில் ஒரே அறையுள்ள வீட்டுக்குக் குடிபோனார்கள். அவருக்குப் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வாலாம்பாள் பள்ளிக்கூடத்தையும் விடவில்லை, தாராவியையும் விடவில்லை. அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். ஐந்தரைக்கே அவளுக்குக் காது தெருவுக்குப் போய்விடும். அடுப்பைத் தணிப்பாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்புவாள். செருப்புச் சத்தம் கேட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் உள்ளே போவாள்.

ஒரு நாள் அவர் அதைப் பார்த்துவிட்டார். "நான்தான் வந்துட்டேனே, வாலா. இன்னும் என்ன?"

"தெரியல்லே" என்றாள். "கால் தானாப் போறது."

சயாமிலிருந்து வந்த நாள் முதல் அவர் தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு பிடி அரிசி பொட்டலமாக இருக்கும். படுக்கையை உதறும்போது வாலாம்பாள் அதை எடுத்து, காகிதம் கிழிந்திருந்தால் வேறு காகிதத்தில் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.