ஒரே கேள்வி, இருபத்தேழு தடவை

அலுவலகத்தில் அவருக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும்.

வயது நாற்பதைத் தாண்டியவர். மென்பொருள் வேலைக்கு வந்த புதிதில் பிறர் எழுதிய நிரல்களைச் சோதித்துக் குறை சொல்வதுதான் வேலை. ஆறு வருடம் குறை சொல்லியே சம்பளம் வாங்கினேன் என்று சிரிப்பார். பிறகு தானே எழுத ஆரம்பித்தார். இப்போது வீட்டுக்கு மருந்து கொண்டுவந்து தரும் ஒரு செயலியில் வேலை. எந்தக் கடையில் எந்த மருந்து எத்தனை இருக்கிறது என்று பதில் சொல்லும் பகுதி அவருடைய சின்னக் குழுவின் கையில். அவர், இன்னொரு பெண், அப்புறம் மௌனி. மௌனி வாயைத் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். அந்தப் பகுதியில் பாதிக்கு மேல் எழுதியவர் மௌனிதான்.

செயலி நாலு அடுக்கு. மேலே கைபேசித் திரை. அதற்குக் கீழே ஆர்டர், அதற்கும் கீழே விலை, அடியில் இருப்பு, அதாவது மிளகாயின் குழு. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே இருப்பதிடம் மட்டும்தான் பேசும். இப்படி அடுக்கச் சொன்னவர் தலைமை வடிவமைப்பாளர். எதைப் பேசினாலும் எழுந்து போய்ப் பலகையில் படி வரைவார். அதனால் அவர் பெயர் படிக்கட்டு.

படிக்கட்டு ஒரு விதி போட்டிருந்தார். கீழேயிருந்து பதில் வராவிட்டால் எந்த அடுக்கும் உடனே கைவிடக் கூடாது, மூன்று தடவை கேட்க வேண்டும். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். எல்லாக் குழுவும் தலையாட்டியது. மிளகாய் மட்டும் கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

"எல்லாரும் மூணு மூணு தடவை கேட்டா, அடியில நிக்கிறவங்க கதி என்ன சார்?"

"அடியில நீங்கதானே இருக்கீங்க? உங்க சத்தத்துக்கு எவன் ரெண்டாவது தடவை கேப்பான்?" என்றார் படிக்கட்டு. அறையே சிரித்தது. விதி நிலைத்துவிட்டது.

ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய வாரத்தில் ஒரு மத்தியானம், இருப்புப் பகுதி லேசாகத் திணறியது. லேசாகத்தான். அடுத்த சில நிமிடங்களில் செயலி மொத்தமாகப் படுத்துவிட்டது. சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே அறிக்கை வந்தது. கீழ் அடுக்கு சுமை தாங்கவில்லை, அந்தக் குழுவின் வேலைத்தரம் போதாது, மாதக் கடைசியில் குழுவைக் கலைத்து ஆட்களை வேறு இடங்களுக்கு மாற்றலாம். எழுதியவர் படிக்கட்டு. அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்ததும் அவரே. மிளகாய் எழுந்து கத்தினார், மேசையைத் தட்டினார், பதில் எழுதி அனுப்பினார். "விஷயம் முடிந்தது" என்று ஒரு வரி திரும்பி வந்தது. மௌனி மறுநாள் ராஜினாமா கொடுத்தார்.

"ஏன்டா, நான்தான் சண்டை போட்டுட்டிருக்கேன்ல?"

"சரிக்கா," என்றார் மௌனி. அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் முன்பே மிளகாய் ஒரு மாநாட்டில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். பல நிறுவனங்களின் நிரலாளர்கள் கூடும் மாநாடு. தலைப்பு, பயன்பாடுகளை வடிவமைக்கும் முறைகள். தங்கள் பெயர் வெளியே தெரியும் என்று நிறுவனமும் மகிழ்ச்சியாக அனுமதி தந்திருந்தது. இப்போது படிக்கட்டு கூப்பிட்டார்.

"உங்க ஸ்லைடெல்லாம் பார்த்தேன். கொஞ்சம் மாத்தியிருக்கேன். அன்னிக்கு நடந்த கதையெல்லாம் வேணாம். நம்ம அடுக்கு முறையைப் பத்திப் பேசுங்க. நானும் வர்றேன், முன்னாடியே உக்கார்றேன்."

திறந்து பார்த்தால் படிகள். முதல் பக்கத்தில் படி, நடுவில் படி, கடைசியில் நிறுவன முத்திரையோடு படி. நான்கு நாள் அந்தப் படிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் மிளகாய். மௌனி போனது போனதுதான். மிச்சமிருக்கும் குழுவாவது கலையாமல் இருக்க வேண்டும், அந்த அறிக்கை பொய் என்று ஆகவேண்டும். உள்ளே கேட்க ஆளில்லை. மேடை ஒன்றுதான் பாக்கி.

மாநாட்டு நாள் காலையில், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தும் அவர் கணவர் சொன்னார்: "மேடையில கத்தாத. மைக் இருக்கும்."

"கத்த மாட்டேன். வேற ஆளுங்களைக் கத்த வைக்கிறேன்."

அது வெறும் வாய்ப்பேச்சு என்று கணவர் நினைத்தார்.

அரங்கம் சரிவானது. வரிசைகள் மேலேறிப் போக, மேடை அடியில் இருந்தது. குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. காதில் மாட்டும் மைக்குக்கு ஒரு பெட்டி உண்டு, இடுப்பு பெல்ட்டில் செருக வேண்டும். அவர் உடையில் பெல்ட்டும் இல்லை, பையும் இல்லை.

"பேசுறவங்க எல்லாம் பேன்ட்தான் போட்டுட்டு வருவாங்கன்னு யாருப்பா முடிவு பண்ணது?" என்று ஒலிக்காரரிடம் பாய்ந்தார். ஒலிக்காரர் பாவம், பின்வாங்கினார். பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டே மேடையேறினார்.

ஸ்லைடு ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. படிகள் திரையில் வந்தன. முன்வரிசையில் படிக்கட்டு திருப்தியாகக் கால்மேல் கால் போட்டார்.

"இது எங்க அடுக்கு முறை. வரைஞ்சவர் இங்கயே இருக்கார். சார், கொஞ்சம் மேல போய் நாலாவது வரிசையில உக்காருங்களேன். அந்த வரிசை முழுக்க கஸ்டமர். மூணாவது வரிசை கைபேசித் திரை, ரெண்டாவது ஆர்டர், முதல் வரிசை விலை. இருப்பு நான்."

படிக்கட்டு சிரித்துக்கொண்டே ஏறிப் போனார். விதியைச் சொன்னார் மிளகாய். கஸ்டமர் முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டி ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்: இருமல் மருந்து இருக்கா? கேட்கப்பட்டவர் தனக்கு முன்னால் இருப்பவரிடம் கேட்க வேண்டும். மனசுக்குள் ரெண்டு எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். மொத்தம் மூன்று தடவை. முதல் வரிசைக்காரர்கள் மேடையைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

"வெக்கப்படாதீங்க. ஆரம்பிங்க."

முதலில் சிரிப்போடு நாலைந்து குரல். பிறகு முன்வரிசை முழுவதும். இருமல் மருந்து இருக்கா? இருமல் மருந்து இருக்கா? பின்னாலிருப்பவர்கள் விடாமல் முதுகில் தட்டத் தட்ட, முன்வரிசைக்காரர்கள் பாதி எழுந்து நின்று கத்தினார்கள். மிளகாய் "இரு..." என்று ஆரம்பித்தார், யாருக்கும் கேட்கவில்லை. ஒருவருக்குப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மூன்றாவது தடவை கேட்டுவிட்டிருந்தார். நாலாவது வரிசைக்காரர்கள் எப்போதோ சலித்துக் கைபேசியை எடுத்துவிட்டார்கள். படிக்கட்டுகூட ஏதோ செய்தியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கூச்சல் நிற்கவில்லை.

மிளகாய் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சார், நீங்க எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவை," என்றார் படிக்கட்டு, தலையை நிமிர்த்தி.

"உங்க ஒரு கேள்வி எனக்கு இருபத்தேழு தடவை வந்துச்சு. மூணு அடுக்கு, மூணு மூணா பெருக்கிப் பாருங்க. அதுவும் நீங்க வேணாம்னு போனை எடுத்தப்புறமும் வந்துட்டே இருந்துச்சு. அன்னிக்கு எங்க இருப்புப் பகுதி இப்படித்தான் செத்துச்சு. லேசா மூச்சு வாங்கினதுக்கு எல்லாருமா சேர்ந்து கழுத்தை நெரிச்சோம். அப்புறம் செத்தவன் பலவீனமானவன்னு எழுதி வெச்சோம்."

அரங்கத்தில் சிரிப்பு அடங்கிப்போனது. மிளகாயின் குரல் உயரவில்லை. பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். மறுபடி கேட்கும் உரிமை மேல் அடுக்கு ஒன்றுக்கு மட்டும் இருக்கட்டும். நடுவில் இருப்பவர்கள் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று மேலே சொல்லட்டும். மேலே இருப்பவர் கேட்கும்போதும் நேரம் விட்டு விட்டுக் கேட்கட்டும். கீழே திணறுவது தெரிந்தால் கொஞ்ச நேரம் கேட்பதையே நிறுத்தட்டும்.

இடைவேளையில் படிக்கட்டு கோபமாக வருவார் என்று மிளகாய் காபி மேசையருகே காத்திருந்தார். சண்டைக்குச் சொற்கள்கூடத் தயாராக இருந்தன. வந்தவரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"எவ்வளவு தைரியம் சார்! சொந்தத் தப்பை இப்படி மேடையில காட்ட எந்தக் கம்பெனி விடும்?"

"திறந்த மனசோட இருக்கணும் இல்லையா," என்றார் படிக்கட்டு அடக்கமாக. "அடுத்த மாநாட்டுல இதை நானே பேசலாம்னு இருக்கேன்."

மிளகாய்க்கு உச்சி வரை ஏறியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் எதிரே நின்றார்.

"பேசுங்க சார், தாராளமா பேசுங்க. திறந்த மனசுதானே? லேப்டாப்பையும் திறங்க. அந்த அறிக்கையை இப்பவே மாத்துங்க."

"ஆபீஸ் போய்ப் பாத்துக்கலாமே."

"இவங்க எல்லாம் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க."

சுற்றி நின்றவர்கள் உண்மையிலேயே ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு காபியைக் கீழே வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். காரணம் என்ற இடத்தில் இருந்ததை அழித்து, அடுக்குதோறும் மூன்று தடவை கேட்கச் சொன்ன விதி என்று எழுதினார். யார் போட்ட விதி என்று எழுதவில்லை. குழுவைக் கலைக்கும் வரியையும் அழித்தார். மிளகாய் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"மௌனிக்கும் அனுப்புங்க."

"அவர்தான் இப்ப நம்ம ஆளு இல்லையேம்மா."

"பழி போடும்போது நம்ம ஆளா இருந்தார்ல?"

அனுப்பினார். கூட்டம் கைதட்டியது. யாருக்கு என்று மிளகாய்க்குப் புரியவில்லை. வெளியே வந்து, வாகனங்கள் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றபடி மௌனிக்குப் போன் செய்தார்.

"வந்துச்சாடா? படிச்சியா?"

"படிச்சேன்கா."

"உன் மேல தப்பில்லன்னு எழுத வெச்சிட்டேன். திரும்பி வந்துடு. நான் பேசுறேன்."

பின்னணியில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. ஏதோ ஓர் அலுவலகம்.

"என் மேல தப்பில்லன்னு எனக்கு அப்பவே தெரியும்கா," என்றார் மௌனி. "அவரு படிக்கும்போது அந்த ரூம்ல இருபது பேர் இருந்தாங்க. உங்களைத் தவிர ஒருத்தர் வாயைத் திறக்கல. அவங்களோட இனி எப்படி உக்கார்றது?"

அவர் இவ்வளவு பேசி மிளகாய் கேட்டதே இல்லை. "சரிடா," என்றார். போனை வைத்துவிட்டு உள்ளே போனார். படிக்கட்டு இன்னும் கூட்டத்தின் நடுவில் நின்று, ஒரு காகிதக் கைத்துடைப்பானில் யாருக்கோ படி வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.