வில்லையில் ஒரு குழி

"சுத்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாலதி எதையும் தொடங்குவார். லேசர் பொத்தானில் விரல் வைக்கும் முன் மாணவர்களிடம் கேட்பார். வீட்டில் கிரைண்டரைப் போட்டுவிட்டு அடுத்த அறையிலிருந்து கேட்பார். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், தலைக்கு மேலிருக்கும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக் கேட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. ஆய்வகத்தின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நெல்வயல் தெரியும். திறக்க விடமாட்டார் என்பது வேறு விஷயம். அறுவடைத் தூசி உள்ளே வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் டீ கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டால் வெல்டிங் பட்டறை முதலாளி மாதிரி இருப்பார். இதை அவரிடமே சொன்னேன். "பட்டறைதான். என்ன இப்ப?" என்றார்.

பட்டறையில் நடப்பது இதுதான். துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை அழுத்தி, உலையில் சுட்டு, பெரிய மாத்திரை போல வில்லை செய்வார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் அதை வைத்து, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசரால் டக் டக்கென்று அடிப்பார்கள். அடி விழும் இடத்தில் வில்லையின் மேல்தோல் ஆவியாகி நீலச் சுடராகக் கிளம்பும். அது எதிரே உள்ள தகட்டில் போய் மெல்லிய படலமாகப் படியும். அடி வாங்கிய வில்லையோ ஆக்சிஜனை இழந்து கறுத்துவிடும். அடி ஒரே இடத்தைத் தோண்டிவிடாதபடி ஒரு சின்ன மோட்டார் வில்லையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாலதி கேட்பது அந்த மோட்டாரைத்தான்.

கேள்விக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். ஒரத்தநாட்டு குணசேகரன். அவரும் மாலதியும் இங்கேயே ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த காலத்தில் இந்த லேசர் லாரியில் வந்து இறங்கியது. தேங்காய் உடைத்து, சந்தனப் பொட்டு வைத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். முதல் வில்லையை இருவரும் சேர்ந்து செய்தார்கள். லேசரைப் போட்ட கையோடு குணசேகரன் மாலதியிடம் தங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தார். மோட்டாரைப் போட மறந்துவிட்டார். மாலதியும் கவனிக்கவில்லை. பேசி முடித்துப் பார்த்தால் வில்லையில் ஒரு கறுப்புக் குழி.

"வயல்ல ராத்திரியெல்லாம் எழுந்து போயி பம்ப்செட் மோட்டார் போட்ட மனுஷன். இத்துனூண்டு மோட்டாரப் போட மறந்துட்டாரு," என்பார் மாலதி, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல. வில்லையை மறுபடியும் உலையில் சுட்டார்களாம். காற்றிலிருந்த ஆக்சிஜன் திரும்ப ஏறி, பழையபடி வெள்ளையாகிவிட்டது. "கறுப்பு போயிடுச்சு. குழி எங்க போவும்?"

அவர்கள் கல்யாணத்தில் இரண்டு பந்தி சாப்பிட்ட நண்பன் நான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை. குணசேகரன் தவறி மூன்று வருடமாகிறது. குழி விழுந்த அந்த வில்லை ஒரு குங்குமச் சிமிழில், பஞ்சுக்கு நடுவே, மாலதியின் மேசை இழுப்பறையில் இருந்தது.

போன வாரம் நான் போனபோது மாணவி சுவேதா முகம் வாடி நின்றிருந்தாள். நாகப்பட்டினத்துப் பெண், அப்பா விசைப்படகில் போகிறவர். மீன் கெடத் தொடங்கும் வாடையைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு கருவிக்காக உழைக்கிறாள். இன்னும் ஒரே ஒரு படலம் போட்டால் ஆய்வேடு முடிந்துவிடும். அன்று காலை பார்த்து அவளுடைய வில்லை உலையிலேயே இரண்டாகப் பிளந்துவிட்டது. புதுப் பொடி வந்தபாடில்லை. லேசருக்குள் இருக்கும் வாயுவோ வலுவிழந்துகொண்டே வந்தது. அன்றைக்கு விட்டால், அடுத்த சிலிண்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"பரவால்ல மேடம், அடுத்த வருஷம் முடிச்சிக்கிறேன்," என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மாலதி இழுப்பறையைத் திறந்து சிமிழை எடுத்தார். உப்புத்தாளை மேசையில் விரித்து, வில்லையைக் குழிப்பக்கமாகக் கவிழ்த்தார்.

"குடுங்க மேடம், நான் தேய்க்கிறேன்."

"வேணாம்மா. இத நான்தான் தேய்க்கணும்."

வெள்ளைப் பொடி உதிர உதிர, குழி சிறுத்துப் புள்ளியாகி, அதுவும் போனது. நான் காலிச் சிமிழையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். மாலதி பொடியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏங்க அப்படிப் பாக்குறீங்க? படலம் போடத்தான செஞ்சோம்?"

வில்லை கலத்துக்குள் போனது.

"சுத்துதா?"

"சுத்துது மேடம்."

படலம் நன்றாகவே வந்தது. லேசரை நிறுத்தி, தகடு ஆறும்வரை அதன்மேல் வேறெதுவும் படியாதபடி முன்னால் தடுப்பை மூடிவிட்டு, சுவேதா அப்பாவுக்குப் போன் செய்ய வெளியே ஓடினாள். மாலதி கலத்தின் சிறிய கண்ணாடி வழியே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லை சுற்றிக்கொண்டிருந்தது. கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினார். பிறகு லேசர் பொத்தானை அழுத்தினார்.