கேக் மாமா எங்கே போனார்?

கடைத்தெருத் திருப்பத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர் ஒரு பெண்மணி. நாற்பதை நெருங்கும் வயது. கடைக்கு வரும் பிள்ளைகள் 'கண்ணாடியக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் முதலாளியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடையின் பின்பக்கம் இருந்த நீளமான அரையிருட்டு அறை அக்காவின் ராஜ்யம். ஒரு கோடியில் உயரமான நாற்காலி. மறுகோடியில் வெளிச்சம் போட்ட அட்டை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே கைக்கெட்டும்படி லென்ஸ் பெட்டி.

படிக்கிற காலத்தில் அக்கா ஏதோ கொஞ்சம் எழுதியவர். அதை மறந்தே போயிருந்தார். அவருடைய கணவர் பிளம்பர், அவர் மறக்கவில்லை. நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவந்தவர் மாற்றலாகிப் போனதும், நூலகர் அம்மா நேராகக் கடைக்கே வந்து நின்றார்.

"எங்க குழாயை மாத்த வந்தப்ப உங்க வீட்டுக்காரர் சொன்னாரு, நீங்க கதை எழுதுவீங்கன்னு."

"அவர் குழாய் வேலையை மட்டும் பார்த்திருக்கலாம்," என்றார் அக்கா. ஆனால் சொல்லும்போதே சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டார்.

வீட்டில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதில் ஒரு முயல் அகப்பட்டது. அந்த முயல் பொய் சொல்லாது. வேளாவேளைக்குப் பல் தேய்க்கும். பெரியவர்கள் பேச்சைத் தட்டாது. எழுதி முடித்து, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாசித்துக் காட்டினார்.

"எப்படிடி இருக்கு?"

"நல்ல முயல்மா. பாவமா இருக்கு."

"ஏன்டி பாவம்?"

"அதுக்கு ஒண்ணுமே நடக்கலையே."

கை கழுவிக்கொண்டிருந்த கணவர் சிரிப்பை மறைக்கத் தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டார்.

நூலகத்திலும் அதே கதிதான். அக்கா முயலைப் பற்றிச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் மட்டும் கையைத் தூக்கி, "முடிஞ்சிடுச்சா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். அக்கா துவண்டுபோய் வீடு திரும்பினார்.

அந்த வாரத்தில்தான் ஒரு தபால்காரர் தன் மகளைக் கண் சோதிக்கக் கூட்டிவந்தார். குட்டிப்பெண். எழுத்து இன்னும் சரியாகப் படிக்க வராது. அதனால் அக்கா படம் போட்ட அட்டையை மாட்டினார். மேலே பெரிய படங்கள், கீழே போகப் போகச் சின்னது.

"முதல்ல என்ன தெரியுது?"

"குடை."

"அதுக்குக் கீழ?"

"வீடு. பூனை."

மூன்றாம் வரிசையில் குட்டிப்பெண் கழுத்தை நீட்டினாள். கண்ணை இடுக்கினாள். தெரியவில்லை என்று சொல்வது அவளுக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது.

"ஒரு மாமா," என்றாள்.

அட்டையில் மாமா யாரும் இல்லை. அங்கே இருந்தது ஒரு மரம்.

"ஒழுங்கா பார்த்துச் சொல்லு," என்றார் அப்பா.

"மாமாதான். தலையில பெரிய கேக் வச்சிருக்காரு. அவசரமா போறாரு."

அக்கா கையில் எடுத்த லென்ஸ் கையிலேயே நின்றது. "ஏன் அவசரம்?"

"கேக் இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தது. தலை சுடுதில்ல?"

"கீழ இறக்கி வைக்கலாமே?"

"பூனை இருக்கே மேல. தின்னுடும்."

தபால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவுக்கோ விட மனமில்லை. ஆனாலும் வேலை வேலைதானே. லென்ஸை மாட்டினார், மாற்றினார், இன்னொன்றை மாட்டினார். சரியான லென்ஸ் வந்து உட்கார்ந்ததும் குட்டிப்பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"மரம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாமா எங்க போயிட்டாரு?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முயலுக்காக மண்டையை உடைத்துக்கொண்டபோது வராத ஒன்று, இந்த இருட்டறையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேக் மாமாவைப் பற்றிச் சொன்னார். மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆறினப்புறம் கேக்கை யார் தின்னா?"

"தெரியலையே."

"தெரியாமயா கதை சொல்ல வந்த?"

"அதை விடு," என்றார் கணவர். "அந்த ஆளு எதுக்குத் தட்டுல வைக்காம தலையில வச்சான்? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

மூன்று பேரும் பேசிப் பேசிச் சாப்பாடு ஆறிப்போனது. முயல் கதையில் எல்லாவற்றுக்கும் பதிலைத் தானே எழுதி வைத்துவிட்டோம், அதனால்தான் யாருக்கும் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று என்று சாப்பிடும்போது அக்காவுக்குத் தோன்றியது.

சில நாள் கழித்துத் தபால்காரர் மறுபடி வந்தார். மகளுடைய புதுக்கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது.

"போட மாட்டேன்னு ஒரே அடம். போட்டா மாமா போயிடுவாராம். பள்ளிக்கூடத்துல கரும்பலகை தெரியாம உட்கார்ந்திருக்கா. நீங்க கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும். நீங்களே சரி பண்ணிக் குடுங்க."

குட்டிப்பெண் அப்பாவின் கைக்குப் பின்னால் நின்று உற்றுப் பார்த்தாள். அது வெறும் மரம்தான் என்று சொன்னால் முடிந்தது விஷயம். அக்காவுக்கு வாய் வரவில்லை.

"சனிக்கிழமை நூலகத்துக்குக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

சனிக்கிழமை அக்காவிடம் இருந்தது பாதிக் கதைதான். சூடான கேக், பின்னாலேயே பூனை, தலை எரிய ஓடும் மாமா, கண்ணாடி மாட்டியதும் ஆளைக் காணோம். அதோடு நிறுத்தினார்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது. மாமா எங்க போனாரு?"

கூடம் இரண்டுபட்டது. பஸ் ஏறிவிட்டார் என்றது ஒன்று. குளத்தில் தலையை முக்கப் போயிருக்கிறார் என்றது இன்னொன்று. செத்துப்போயிட்டார் என்று ஒரு பையன் சொல்ல, குட்டிப்பெண்ணின் உதடு பிதுங்கியது. மற்றவர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு தடித்த சிறுமி அப்போது பேசினாள்.

"கண்ணாடி போட்டா மரம் தெரிஞ்சுதில்ல. அந்த மரத்துலதான் ஏறி ஒளிஞ்சிருக்காரு."

"ஏன் ஒளியணும்?"

"கண்ணாடி போட்டவங்களுக்கு நல்லா தெரியும்ல. கேக் கேப்பாங்கன்னு பயம்."

இதில் ஓட்டை எதுவும் இல்லை என்பதைக் கூடமே ஒப்புக்கொண்டது. குட்டிப்பெண் மட்டும் யோசித்தாள்.

"அப்ப கண்ணாடி போட்டாத்தான் கண்டுபிடிக்க முடியும்," என்றாள் மெதுவாக. அப்பாவிடம் கையை நீட்டினாள். "குடுங்கப்பா."

மாட்டிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். வெளியே சாலையோரத்தில் பெரிய மரம் ஒன்று நின்றது. மற்றப் பிள்ளைகளும் தள்ளுமுள்ளாக வந்து சேர்ந்தார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இலையெல்லாம் தனித்தனியா இருக்கு," என்றாள். அதுவரை அவளுக்கு மரம் என்றால் ஒரு பச்சை மூட்டைதான். தபால்காரர் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதோ. ரெண்டு கிளைக்கு நடுவுல. கால் தெரியுது."

உடனே எல்லோருக்கும் கால் தெரிந்தது. ஒருவனுக்குச் செருப்பும் தெரிந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லாத இன்னொருவன், எனக்கும் கண்ணாடி வேண்டும் என்று அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தான். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வந்த நூலகர் அம்மா, "எந்தக் கிளை?" என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

அக்கா அன்றே ஒரே மூச்சில் கதையை எழுதி முடித்தார். அடுத்த வாரம் வாசித்தபோது பிள்ளைகள் நடுவில் நடுவில் நிறுத்தித் திருத்தினார்கள். பூனைக்கும் ஒரு துண்டு கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். கொடுத்தார். நூலகர் அம்மா அதைப் புத்தகமாகத் தைத்து அலமாரியில் வைத்தார். அதன் ஓரமெல்லாம் இப்போது கைபட்டுக் கறுத்துவிட்டது.

கடையில் அக்காவின் வேலையும் கொஞ்சம் மாறிவிட்டது. சின்னப் பிள்ளைகள் வந்தால் லென்ஸ் மாட்டுவதற்கு முன், "என்ன மாதிரி தெரியுது?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார். முதலாளி வெளியிலிருந்து, "என்ன, உள்ள படமா ஓடுது?" என்பார். அக்கா காதில் வாங்கிக்கொள்வதில்லை. அவருக்கு இப்போது எழுத நேரம்தான் போதவில்லை.

போன வாரம் ஒருவருக்கு ஃப்ரேம் பொருத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கணவர்.

"வேலைக்கு வந்த வீட்டுல, சுவர்ல தண்ணி ஊறி ஒரு கறை இருக்கு. பார்த்தா ஒட்டகம் குளிக்கிற மாதிரியே இருக்கு. உன் பிள்ளைங்களுக்கு ஆகுமா?"

"ஆகும், ஆகும்," என்றார் அக்கா. "சுத்தி நல்லா பாருங்க. தண்ணி ஊத்துறது யாரு?"

மறுமுனையில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இரு, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."