பெட்டியிலிருந்து எடுத்தபடியே

வில்காக்ஸ் ஊரில் பாதிப் பெண்களின் தலை லவோன் டீக்குக்கு அத்துப்படி. யாருக்குச் சாயம், யாருக்குச் சவுரி, யார் கல்யாணத்துக்கு முந்தின நாள் முடி வெட்ட உட்கார்ந்து அழுதாள், எல்லாம் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் கத்தரிக்கோல் பிடித்த கை. ஆனால் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் களத்தில் லவோன் என்ற பெயர் செல்லாது. அங்கே வருகிறவர்கள் அந்தக் காலத்து மாட்டுக்காரர்களாகவும் ஷெரீப்புகளாகவும் வேஷம் கட்டி, வேஷத்துக்கேற்ற பெயரும் சூட்டிக்கொண்டு வருவார்கள். இவள் முதல் வருஷம் துப்பாக்கியைத் தொடவே இல்லை. சுடச்சுட, பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட்டும் அதன்மேல் ஊற்றும் வெள்ளைக் குழம்பும் கொண்டுபோய்ப் பரிமாறியதோடு சரி. அதனால் 'பிஸ்கட் அத்தை' ஆனாள். எழுபது வயதுக் கிழவர்கள்கூட அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளை அங்கே இழுத்துப்போனவர் கணவர் கிளெல். பண்ணை பண்ணையாகப் போய் காஸ் நிரப்பும் லாரி ஓட்டியவர். லீவரை இழுத்து மூடிக் குண்டேற்றும் பழைய காலத்துத் துப்பாக்கியைப் பார்த்து இத்தாலிக்காரர்கள் செய்த நகல் ஒன்றை வரவழைத்தார். பெட்டி வந்த அன்று அதைச் சாப்பாட்டு மேஜையில் கிடத்தி, அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பொண்டாட்டி வைத்த ரோஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லவோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவருஷம் அவளும் ஒன்று வாங்கினாள். வாங்கிய கையோடு, களத்துக்கு வருகிறவர்களில் ஒருவரான ஹோபர்ட்டிடம் கொடுத்து விசையை இளக்கிக்கொண்டாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். புதுத் துப்பாக்கியின் விசை முரண்டு பிடிக்கும். அதை இழுக்கிற இழுப்பில் குழல் ஆடி, குறி தவறும். ஹோபர்ட் தன் கார் கொட்டகையில் உட்கார்ந்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைச் சரிசெய்து கொடுப்பார். அந்தக் கூட்டத்தில் அவர் கை படாத துப்பாக்கி கிளெல்லுடையது ஒன்றுதான் என்று பேச்சு. கிளெல்லே அதைப் பெருமையாகப் பறைசாற்றிக்கொண்டு திரிந்தார்.

"உன்னுது தும்மினாலே வெடிக்கும்டி. என்னுது பெட்டியிலேர்ந்து எடுத்தபடியே இருக்கு. மனசு வெச்சு இழுத்தாதான் போகும்."

"அதான் நீங்க சுட்டு முடிக்கிறதுக்குள்ள கொள்ளைக்காரன் மெக்சிகோவுக்கே போய்ச் சேந்துட்டான்" என்பாள் லவோன்.

என்ன சனிக்கிழமைகள் அவை! குளிரில் பல் கிட்டிக்க வண்டி ஏறுவார்கள். சூரியன் டோஸ் கபேசாஸ் மலைக்கு மேல் வருவதற்குள் களத்தில் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும். சுட ஆரம்பித்தால் கரிமருந்துப் புகை எழும், குறிக்கு நிறுத்திய இரும்புத் தகடுகள் குண்டு பட்டு டங் டங்கென்று பாடும். மூன்று பேர் தள்ளி நின்று எண்ணி, எத்தனை தவறியதோ அத்தனை விரலை உயர்த்திக் காட்டுவார்கள். திரும்பும்போது வழியில் ஆப்பிள் தோட்டத்துக் கடையில் நிறுத்தி, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை. ஒரே தட்டு, இரண்டு முள்கரண்டி. ஓரத்து மொறுமொறுப்பு முழுவதையும் கிளெல் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜன்னல் பக்கம் பார்ப்பார். அதற்குச் சண்டை போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள். இப்போது முழு ஆப்பிள் பையும் அவளுக்கே. ஒரு வாய்கூட இறங்கவில்லை, அந்தக் கடைப் பக்கமே போவதை நிறுத்திவிட்டாள்.

கிளெல் போய் மூன்று வசந்தம் ஆயிற்று. தன் துப்பாக்கியை டூசானில் இருக்கும் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டு, கிளெல்லுடையதை வைத்துக்கொண்டாள். அதிலிருந்துதான் வினை பிடித்தது. இழுத்தால் விசை வரமாட்டேன் என்றது. பல்லைக் கடித்து இழுத்தால் குண்டு தகட்டை விட்டுவிட்டு மண்மேட்டில் போய்ப் புதைந்தது. மூன்று பேரும் இரண்டு விரல் காட்டினார்கள், பிறகு நான்கு, பிறகு ஒரு கை முழுக்க. வீட்டுக்கு வந்தால் விரல் முட்டிகள் வீங்கி, ஜாம் பாட்டிலைத் திறக்க முடியாது. ஆனாலும் விசையில் கை வைக்க மனம் வரவில்லை. அந்த மனிதர் விட்டுப்போனதில் மாறாமல் இருப்பது அந்த முரண்டு ஒன்றுதானே என்று நினைத்தாள். ஹோபர்ட்டும், "அதை அப்படியே விட்டுருங்க அத்தை" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

இந்த வசந்தத்தில் ஒரு தகடுகூடப் பாடாத சனிக்கிழமையும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. இனி ஒன்று விசை இளக வேண்டும், இல்லையென்றால் அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டும். வீட்டில் அவள் யாருக்கும் அத்தை இல்லை, வெறும் விதவை. திங்கட்கிழமை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஹோபர்ட்டின் கொட்டகைக்குப் போனாள்.

"பிரிச்சு இளக்கிடு. கிளெல் கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கறேன்."

ஹோபர்ட் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். திருப்புளியை எடுக்கவில்லை. காப்பிக் கோப்பையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இதுல இளக்க ஒண்ணுமில்ல."

"ஏன்?"

"ஏற்கெனவே இளக்கியாச்சு. நான்தான் பண்ணேன். கிளெல் போறதுக்கு நாலு வருஷம் முன்னாடி. இதுக்கு மேல தொட்டா, லீவரை மூடும்போதே வெடிச்சிரும்."

கொக்கித் தராசை விசையில் மாட்டி இழுத்துக் காட்டினார். முள் பாதி வழிகூட ஏறவில்லை, விசை கிளிக்கென்று விழுந்தது. லவோன் அதையே பார்த்தாள். இவ்வளவு லேசானதையா நான் பல்லைக் கடித்து இழுத்தேன்?

"பெட்டியிலேர்ந்து எடுத்தபடியேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே?"

"கை வலி தாங்கல அவருக்கு. உங்ககிட்ட சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க, சனிக்கிழமை போயிரும்னு பயந்தாரு. சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்ண?"

கடைசி வருஷங்களில் களத்துக்குக் கிளம்பும்போது கிளெல் வெயிஸ்ட்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் எதிரே வந்து நிற்பார். பொத்தானை நீ போட்டுவிட்டால்தான் ராசி என்பார். கிழவனுக்கு இந்த வயதில் கொஞ்சலா என்று அவளுக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. அவரால் பொத்தான் போட முடியவில்லை, அவ்வளவுதான். லவோன் கொட்டகையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"தினம் ராத்திரி அந்த மனுஷன் காலை மடியில போட்டுத் தைலம் தேச்சேன் ஹோபர்ட். கையக் காட்டலியே! ஒரு தடவை காட்டலியே, பாவி மனுஷன்!"

அடுத்த சனிக்கிழமை வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். அவள் முறை வந்ததும் காலித் துப்பாக்கியோடு முன்னால் போய், திரும்பி நின்று எல்லோரையும் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் கை வலிக்குது. துப்பாக்கி மேல குத்தமில்ல, கைதான். ரெண்டு விரலை மாட்டி மெதுவாத்தான் சுடுவேன். அவசரமா இருக்கறவங்க போய்க் காப்பி குடிச்சிட்டு வாங்க."

ஒருவரும் நகரவில்லை. சுடத் தொடங்க பீப் ஒலி கொடுத்து நேரம் பார்க்கும் மெர்ல் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இடுப்பு அத்தை. குனிஞ்சா நிமிர முடியல. பூட்ஸை மாட்டிவிடறதே என் பொண்டாட்டிதான்."

"உனக்கு இடுப்புன்னா எனக்கு இடது காது போச்சு" என்றது ஒரு குரல். "நீ பீப் அடிக்கிறதே கேக்கல. பக்கத்துல இருக்கவன் துள்றதைப் பாத்துதான் சுடறேன்."

பிறகு பிடிக்க முடியவில்லை. முட்டி, முதுகு, கண்ணில் புரை என்று ஆளாளுக்கு அள்ளி விட்டார்கள். ஒரு பொல்லாத ஷெரீப் தனக்கு வாயு என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஹோபர்ட் சொன்னார்.

"எனக்குக் கை நடுங்குது. ஒரு வருஷமா."

சிரிப்பு சட்டென்று நின்றது. அத்தனை பேரும் குனிந்து அவரவர் துப்பாக்கியைப் பார்த்தார்கள்.

"போன மாசம்தானே என்னுதைப் பிரிச்சுப் பூட்டினே!" என்றார் மெர்ல்.

"ஒண்ணுக்கு நாலு தடவை சரிபாத்துதான் குடுத்தேன்" என்ற ஹோபர்ட்டின் முகம் செத்துப்போயிருந்தது. "சொன்னா யாரும் தரமாட்டீங்கன்னு…"

லவோன் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"கையக் காட்டு" என்றாள்.

ஹோபர்ட் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து கையை எடுத்து அவளிடம் கொடுத்தார்.