மணமேடைக்காரன் செய்த செல்

கல்யாண மேடை கட்டுகிறவனுக்கு இடது பக்கம் எப்படியோ, வலது பக்கமும் அப்படியே இருந்தாக வேண்டும்; இந்தத் தொழிலில் கிடந்து அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே மலேசியாவில், கிள்ளான் ஊரில் என்னோடு கூட்டாக இருந்த குணா பிரிந்துபோய், எதிர்வரிசையிலேயே கடை போட்டு, மண்டப ஆர்டர்களை எல்லாம் இழுத்துக்கொண்டான். அதை நான் மறக்கப் போவதில்லை. எனக்கு மிஞ்சியது ஒரு பள்ளிக்கூடம். அவர்களுடைய விளையாட்டுப் போட்டிக்கு வருடாவருடம் நான்தான் வாசல் வளைவு கட்டுவேன். இந்த வருடம் குணா அங்கேயும் போய்க் கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் உயிரியல் டீச்சர், அறிவியல் கண்காட்சிக்கு செல் பிரிவதைக் காட்டும் மாதிரி ஒன்று செய்யச் சொன்னார். நன்றாக வந்தால் வளைவுக்கு எனக்காகப் பேசுவதாகவும் சொன்னார். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோணல்

விலங்கு செல்லுக்குள் சென்ட்ரியோல் என்று ஒரு ஜோடி உண்டாம். ஒவ்வொன்றும் ஒரு குட்டி உருளை. மூன்று மூன்று குழாய்கள் ஒட்டிய ஒன்பது கட்டுகள் வட்டமாக நிற்கும். ஸ்ட்ராக்களை வெட்டி ஒட்டி, இரண்டையும் மேடைத் தூண் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். டீச்சர் ஒன்றைப் பிடுங்கி, மற்றதற்குக் குறுக்கே படுக்க வைத்தார். சாய்ந்து விழுந்த மாதிரி இருக்கிறதே என்றேன்.

"அது அப்படித்தான் லா இருக்கும் அங்கிள். நீங்க நிமிர்த்தாதீங்க."

நூல்

செல் பிரிவதற்கு முன் ஒவ்வொரு உருளையும் பக்கத்தில் ஒரு புதிய உருளையை வளர்க்குமாம். ஒரு ஜோடி இரண்டு ஜோடி ஆகிவிடும். அவை எதிரெதிர் முனைக்குப் போய் நிற்கும். அங்கிருந்து வரும் நூல்கள் நடுவில் உள்ள குரோமோசோம்களைப் பிடித்துப் பிரிக்கும். நான் நைலான் நூலை இறுக்கிக் கட்டியதில் நுரைப்பலகையே வளைந்துவிட்டது. எந்த ஜோடி பலமாக இழுக்கும் என்று கேட்டேன். எதுவுமே கயிறு மாதிரி இழுக்காதாம், நூல்தான் தானாகக் குட்டையாகுமாம்.

"நூலை ஒழுங்கா அமைக்கிறதுதான் அந்த ஜோடியோட வேலை அங்கிள்."

மரியாதைக்கு

பக்கத்தில், ஒப்பிட்டுக் காட்ட டீச்சர் கேட்ட செடியின் செல். அதில் இரண்டு முனையும் காலியாக இருந்தது. பார்க்க மொட்டையாகத் தெரிந்ததால், ஒரு மரியாதைக்கு, கேட்காமலே அங்கேயும் இரண்டு ஜோடி ஒட்டிக் கொடுத்தேன். கண்காட்சி அன்று காலையில் டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பூக்கிற செடிக்கு சென்ட்ரியோலே கிடையாதாம். அது இல்லாமலே நூல் வருமாம், செல்லும் பிரியுமாம். அப்படியானால் விலங்குக்கு மட்டும் எதற்கு என்று கேட்டேன். சில விலங்கு செல்களும் அது இல்லாமல் சமாளிக்கும் என்று சொல்லி இன்னும் குழப்பினார். அவசரமாகப் பிடுங்கியதில் பலகையில் ஓட்டைகள். நடுவர் குனிந்து, இது என்ன என்று கேட்டார். இல்லாததைக் காட்டத்தான் ஓட்டை விட்டிருக்கிறோம் என்று டீச்சர் அசராமல் சொன்னார். நடுவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர் அவர்.

"வளைவு உங்களுக்குத்தான் அண்ணே. இந்தப் பக்கத் தூண் நீங்க, அந்தப் பக்கத் தூண் குணா."

இப்போது திடல் வாசலின் ஒரு முனையில் நானும் மறு முனையில் அவனும் முகம் பார்க்காமல் நிற்கிறோம். நடுவில் தொங்கும் துணியை யார் இழுத்துக் கட்டுவது என்றுதான் யாரும் சொல்லவில்லை.