நெஸ்மாரில் பாதி

கப்பலிலிருந்து வீடு திரும்பினால் அம்மா முதலில் தூங்குவாள். பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டாள். அக்கம்பக்கத்தாருக்கு வாங்கி வந்த சாக்லேட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் சாவியைத் தந்துவிட்டுப் படுத்துவிடுவாள். எங்கள் ஊர் ஒலோங்கபோவின் வெயிலில் தகரக் கூரை சடசடக்கும் மதியத்திலும் அந்தத் தூக்கம் கலையாது. கட்டிலின் நடுவில், கைகால்களை நான்கு பக்கமும் விரித்துக்கொண்டு கிடப்பாள். பிறந்தநாள் வீட்டிலிருந்து யாராவது அம்மாவை, ஆத்தே என்று அக்கா முறை சொல்லி, பாடக் கூப்பிட வந்தால் நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

"ஆத்தே மாரிவிக் இருக்காங்களா?"

"தூங்குறாங்க."

"நேத்தும் அதைத்தான சொன்ன?"

"அதே தூக்கம்தான்."

அம்மாவும் அப்பாவும் சேர்ந்தால் நெஸ்மார். நெஸ்டர் என்ற பெயரில் பாதி, மாரிவிக் என்ற பெயரில் பாதி. அப்பா கிட்டார், அம்மா குரல். நான் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த ஊர் ஹோட்டல்களில் பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஜப்பான், பிறகு சுற்றுலாக் கப்பல். ஒன்பது மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். நான் சித்தியிடம் வளர்ந்தேன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். யார் யாரை விட்டுப் போனது என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு கதை சொல்வார்கள். அப்பா இரண்டு ஜீப்னி வண்டி மாறிப் போகும் தூரத்தில், தன் அக்கா வீட்டு மாடியில் குடியேறினார். எங்கள் நாட்டில் விவாகரத்துக்குச் சட்டம் கிடையாது. திருமணமே செல்லாது என்று வழக்குப் போடலாம். அதற்கு வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வீடு கட்டலாம். ஆகவே காகிதத்தில் அவர்கள் கணவன் மனைவிதான். கப்பலிலும் அப்படித்தான். பாடும் கூடத்துக்கு வெளியே இருக்கும் படத்தில் அவர்கள் பெயருக்குக் கீழே "நிஜ வாழ்க்கையிலும் ஜோடி" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் வயதான பயணிகள் வந்து உட்காருவார்கள். கம்பெனி ஜோடிக்கு ஒரே அறைதான் கொடுக்கும். மேலும் கீழுமாக இரண்டு கட்டில், இரண்டு திரை. உண்மையைச் சொல்லித் தனி அறை கேட்டால் படம் போய்விடும், பிறகு வேலையும் போய்விடும்.

ஒருமுறை, பிரிந்து ஆறு வருடம் ஆன பிறகு, வருடந்தோறும் அதே கப்பலில் வரும் ஆஸ்திரேலியத் தம்பதி ஒன்று இவர்களுக்கு வெள்ளிவிழா நடத்திவிட்டது. கேக் வந்தது. கூடத்தில் இருந்தவர்களெல்லாம் கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டித் தட்டி முத்தம் கேட்டார்கள். கொடுத்தார்கள்.

"அந்தக் கேக்கை என்னம்மா பண்ணீங்க?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டா வெட்டினோம். அவன் பாதியை அவன் கப்பல் பேண்டு டிரம்மருக்குக் குடுத்துட்டான். என் பாதியை நான் லாண்டரிக்காரங்களுக்குக் குடுத்துட்டேன்."

அம்மாவுக்கு அந்த அறையில் பெரிய தொல்லை குறட்டை இல்லை. அப்பா விளக்கை அணைத்துவிட்டு, மேல் கட்டிலிலிருந்து அன்றைய கச்சேரியை முதல் பாட்டிலிருந்து அலசுவார். இங்கே நீ அவசரப்பட்டாய், அங்கே அரை சுதி இறங்கிவிட்டாய், அந்த வரியில் மூச்சு வாங்கியது மைக்கில் கேட்டது. அம்மா திரையை இழுத்துக்கொள்வாள். திரைக்குக் காது கிடையாது, அவளுக்கு உண்டு. பாடி முடித்த உடம்பு தூங்கக் கேட்கும். இவர் குரல் அதை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

போன மார்ச்சில் வந்தபோது தூங்கி எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று.

"ஜோபெல், நீ படிச்சவதான. எனக்கு ஒரு கம்பெனி பார்த்துக் குடு."

"நெஸ்மாருக்கா?"

"எனக்கு."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வணிக நிர்வாகம் படித்தேன். படித்ததை வைத்து வீட்டுக்கு ஒரு உபகாரம் செய்யக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று நெஸ்மாரை வருடா வருடம் எடுக்கும் பெரிய கம்பெனி. நல்ல சம்பளம், காய்ச்சல் வந்தால் மருத்துவச் செலவு, கிட்டார் உடைந்தால்கூட ஈடு. ஜோடியாக வந்தால் மட்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று வடக்கே, பனிக்கடல் பக்கம் போகும் ஒரு சின்னக் கப்பல். பணக்காரக் கிழவர்கள் இருநூறு பேர் ஏறுவார்கள். பதிவு செய்த இசைக்குத் தனியாகப் பாட ஒரு பெண் வேண்டும். சம்பளம் குறைவு. பாடகி ஒருத்திதான் என்பதால் அறையில் ஒரே கட்டில்.

இரண்டையும் பலமுறை படித்துப் பார்த்துவிட்டு, பெரிய கம்பெனிதான் நல்லது என்று அம்மாவிடம் சொன்னேன். மருத்துவச் செலவைக் காரணம் காட்டினேன். அது மட்டும்தான் காரணமா என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பது, அது கடலுக்கு நடுவில் திரை போட்ட அறையாக இருந்தாலும், எனக்குப் பிடித்திருந்ததா? நான் படித்த ஒவ்வொரு செமஸ்டரும் அந்த அறையிலிருந்து வந்ததுதான். அம்மா நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சின்னக் கப்பலுக்கு எப்பப் போய்ப் பாடிக் காட்டணும்?" என்றாள்.

மணிலாவுக்குப் பஸ் ஏறினோம். அங்கே மலாத்தேயில் ஒரு மாடியில், கப்பல்களுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி. அதை நடத்தும் சார் எஃப்ரன் அம்மாவை நெடுநாளாகத் தெரிந்தவர், அம்மாவை அக்கா முறையிலும் அப்பாவைக் குயா என்று அண்ணன் முறையிலும் கூப்பிடுவார்.

"வாங்க ஆத்தே. குயா நெஸ்டர் எங்க, வண்டி நிறுத்தப் போயிருக்காரா?"

"அவன் வரல. நான் மட்டும்தான்."

"சண்டையா?"

"அதுக்குக் கூட எங்களுக்கு நேரமில்ல, சார்."

அவர் சிரித்துவிட்டுக் கணினியில் இசையைப் போட்டார். அம்மா ஆயிரம் முறையாவது பாடியிருக்கும் காதல் பாட்டு அது. முதல் வரி சரியாக இருந்தது. குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. நடுவழியில் உடைந்து, காற்று மட்டும் வந்தது. அம்மா நிறுத்தினாள். மறுபடி பாடினாள். அதே இடம், அதே காற்று. இன்னொரு பாட்டு போட்டார்கள். அதுவும் அப்படியே.

"ஜலதோஷமா, ஆத்தே?" சார் எஃப்ரன் தணிவாகக் கேட்டார்.

"ஆமா, சார்."

"சரி. திங்கக்கிழமைக்குள்ள வீட்லயே பாடி வீடியோ அனுப்புங்க. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது. சின்னப் பொண்ணுங்க நிறையப் பேர் கேக்குறாங்க."

அம்மாவுக்கு ஜலதோஷம் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டே தொண்டைக்குள் பாடிப் பார்த்தபடி வந்தாள். சான் பெர்னாண்டோ தாண்டும்போது, "முடிஞ்சுபோச்சு போல, அனாக்" என்று மட்டும் சொன்னாள். அனாக் என்றால் பிள்ளை.

அன்று மாலை நான் நடந்ததைச் சொல்லி அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். அம்மாவிடம் கேட்காமல்தான் அனுப்பினேன். மறுநாள் மதியம், நாங்கள் கருவாடும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதுகில் கிட்டாரோடு வந்து நின்றார்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா, நிமிராமல்.

"ஆச்சு. எந்தப் பாட்டு உடைஞ்சுச்சு?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாட்டின் பெயரைச் சொன்னாள்.

"எந்த சுதி?"

"எப்பவும் பாடுறதுதான்."

"எப்பவும்னா எது? கல்யாணத்தப்போ பாடினதா, போன வருஷம் பாடினதா?"

"ரெண்டும் ஒண்ணுதான."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு இல்ல" என்றார்.

அவர் சொன்னது இதுதான். சில வருடங்களுக்கு முன் அலாஸ்கா பக்கம் போன கப்பலில் அம்மா குரல் மேலே சிரமப்படுவதைக் கேட்டிருக்கிறார். ஒருநாள் கச்சேரிக்கு முன் கிட்டாரின் தந்திகளையெல்லாம் அரை சுதி தளர்த்திவிட்டார். விரல்கள் போகும் இடம் பழைய இடம்தான். அம்மாவின் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. குரல் சுகமாகப் போனது. அடுத்த வருடம் இன்னொரு அரை.

"அப்புறம் எண்ணுறதை விட்டுட்டேன்" என்றார்.

அம்மா கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வீம்புக்குன்னு ஏறிப் பாடுவ. தொண்டை போயிரும். உன்னை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ராத்திரி ராத்திரி மேல படுத்துக்கிட்டு, இறங்கிட்ட, இறங்கிட்டன்னு சொன்னியே, அது?"

"அது நான் இறக்கினதுக்கு அப்புறமும் நீ இறங்கினது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். உதடு கொஞ்சம் கோணியது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"நெஸ்டர், உன் கிட்டாரைத் தவிர வேற எதுக்கும் நான் பாட முடியாதபடி பண்ணி வச்சிருக்க."

"அப்படி நெனச்சுச் செய்யல, மாரிவிக்."

"நெனச்சுச் செஞ்சன்னு நான் சொல்லலியே."

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? என் கல்லூரித் தோழிகளிடம் சொன்னால் பாதிப் பேர் கண் கலங்குவார்கள், பாதிப் பேர் கோபப்படுவார்கள். நான் இரண்டு பக்கமும் போய்ப் போய்த் திரும்புகிறேன். தந்தியைத் தளர்த்திய ஒவ்வொரு முறையும் அவர் அம்மாவைக் காப்பாற்றினார். காப்பாற்றிய ஒவ்வொரு முறையும் அவளுக்கு அவர் இல்லாமல் முடியாது என்பது ஒரு முடிச்சு இறுகியது. இரண்டும் ஒரே கையால் நடந்திருக்கிறது. நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு பெயர் இல்லை.

அம்மா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இப்ப என் சுதி எதுன்னு காட்டு."

அப்பா கிட்டாரை எடுத்து, தந்திகளை முறுக்கிச் சரிபார்த்து, மெதுவாக மீட்டினார். அம்மா பாடினாள். அந்தத் தாழ்ந்த இடத்தில் அவள் குரல் கனமாக, கொஞ்சம் சொரசொரப்பாக, எங்கும் உடையாமல் போனது. எதிர்வீட்டில் துணி துவைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

நான் என் போனில் ஒரு செயலியைத் திறந்து, சார் எஃப்ரன் அனுப்பியிருந்த இசையைப் போட்டேன். திரையில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியைக் கீழே இழுத்தேன். பாட்டு முழுவதும் வேகம் மாறாமல் சுதி மட்டும் இறங்கி, அப்பாவின் கிட்டார் இருந்த இடத்தில் வந்து நின்றது.

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"அவ்வளவுதாம்ப்பா."

போனை வாங்கிப் புள்ளியை மேலே இழுத்தார், கீழே இழுத்தார். மறுபடி மேலே. பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை கையெழுத்து இருக்கு" என்றார் அம்மாவைப் பார்த்து. "இனிமே உனக்கே தெரியும். உன் சுதியை நீயே சொல்லு, நான் வாசிக்கிறேன். ராத்திரி பேச மாட்டேன். வாயைத் திறக்க மாட்டேன்."

அம்மா சாப்பிட்ட தட்டுகளை அடுக்கினாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"நீ பேசாம படுத்திருந்தாலும், என்ன சொல்லாம விட்டன்னு நான் கேட்டுட்டே படுத்திருப்பேன். எனக்குத் தூங்கணும், நெஸ்டர்."

"சம்பளம் கம்மின்னு ஜோபெல் சொன்னா."

"கம்மிதான்."

அப்பா கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் சிக்கியது. அம்மா குனிந்து துணியை விலக்கிவிட்டாள். "நான் என்ன பண்ணட்டும்?" என்று அவர் கேட்டபோது அது அவளைக் கேட்டதா, என்னைக் கேட்டதா என்று தெரியவில்லை.

"நம்ம பழைய கப்பல்ல பார்த்த குயா ஆர்ட்டுரோ, அவர் பேண்டுக்குக் கிட்டார்காரன் வேணும்னு சொல்லிட்டு இருந்தாரு" என்றாள் அம்மா. "என் பேரைச் சொல்லிக் கேளு."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில், பச்சைத் திரைச்சீலைக்கு முன்னால் நின்று மூன்று பாட்டுப் பாடினாள். நான் படம் பிடித்தேன். பெரிய கம்பெனிக்கு நெஸ்மார் வராது என்று நான்தான் மின்னஞ்சல் எழுதினேன். காரணம் கேட்டிருந்தார்கள், குடும்பச் சூழ்நிலை என்று போட்டேன்.

அம்மா ஜூனில் சின்னக் கப்பலில் போனாள். அப்பா ஆர்ட்டுரோவின் பேண்டோடு ஜூலையில் போனார். நான் பக்கத்தில் சுபிக்கில் ஒரு கால் சென்டரில் சேர்ந்திருக்கிறேன். வீட்டுக் கரண்டும் அரிசியும் இப்போது என் சம்பளத்தில். நல்ல கம்பெனியை அவள் விட்டது சரியா என்று இன்னமும் சில நாள் கணக்குப் போடுகிறேன். காய்ச்சல் வந்துவிட்டால், குரல் இன்னும் இறங்கினால் என்று. எந்தப் பக்கம் போட்டாலும் கணக்கு முடிவதில்லை.

போன வாரம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாள். காற்று இரைந்தது.

"பாட்டெல்லாம் எப்படிம்மா போகுது?"

"போகுது. கிழவங்க கை தட்டுறாங்க, சில பேர் தூங்கிடுறாங்க. நானும் தூங்குறேன்."

"நல்லாவா?"

"இந்தப் பக்கம் ராத்திரியே வர மாட்டேங்குது, அனாக். எப்பப் பாரு வெளிச்சம். எல்லாரும் தூக்கம் இல்லாம சுத்துறாங்க. நல்ல வேளை, என் ரூம்ல ஜன்னல் இல்ல. கதவைச் சாத்தினா கும்மிருட்டு." கொட்டாவி விட்டாள். "சரி, வச்சிரட்டா? கச்சேரிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. போய்ப் படுக்குறேன்."