தகட்டில் தட்டிய சொற்கள்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டொக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. கடையைத் திறந்தால் மூடும்வரை டொக்கு டொக்கென்று தகட்டில் எழுத்துத் தட்டிக்கொண்டிருப்பாள். அதில் வந்த பட்டம். "படிக்காமலே டாக்டரானவ என் பொண்டாட்டி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் நின்ற லிஃப்டையும் இறக்கிவிடுவார். வாயில் ஏறிய பேச்சை மட்டும் அவரால் நிறுத்த முடியாது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு பம்ப் தொழிற்சாலையில் இருந்தாள். ஒவ்வொரு பம்பின் வயிற்றிலும் எண்ணும் எழுத்தும் பதிக்கிற வேலை. ஒரு முனையில் எழுத்து செதுக்கிய சின்ன இரும்புக் குச்சிகள், பஞ்ச் என்பார்கள். அதை நிறுத்திப் பிடித்துச் சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகிவிடும். தொழிற்சாலை வேறிடம் போனபோது பஞ்ச் பெட்டியை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து, செருப்புக் கடைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரியான கடையைப் பிடித்தாள். வாசல் பலகை, சாவிக்கொத்து, நாய்க் கழுத்து வில்லை, கோப்பைகளில் பெயர். பிறகு கம்ப்யூட்டரில் ஓடும் செதுக்கு மிஷினும் வந்தது. முக்கால்வாசி வேலையை அது பார்த்துக்கொண்டது.

கப்பல்காரன் வந்தபோது மிஷினைத்தான் காட்டினாள். பக்கத்துத் தெருவில் அம்மாவோடு இருந்த பையன் அவன். கப்பலில் மின்சார வேலை. வலது கையில் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தான். என்ஜின் அறையில் சுட்டுக்கொண்டதாம்.

"மிஷின் வேணாம்க்கா. அதுக்கு கம்ப்யூட்டர்ல டைப் பண்ணணும். கையால தட்டிக் குடுங்க. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

தடிமனான ஸ்டீல் தகடு ஒன்றை அவனே கொண்டுவந்திருந்தான். கூடவே, மடித்து மடித்து நைந்த ஒரு தாள். அதில் ஆங்கிலச் சொற்கள், வரிசைக்கு ஆறாக நாலு வரிசை, மொத்தம் இருபத்து நான்கு. ஒவ்வொன்றிலும் முதல் நாலெழுத்து பதித்தால் போதும் என்றான். மீதியை அவனிடம் இருக்கிற ஒரு கருவியே கண்டுபிடித்துக்கொள்ளுமாம்.

எழுத்தைப் பார், வார்த்தையைப் பார்க்காதே என்பது பம்ப் கம்பெனியில் அவள் கற்ற பாடம். வார்த்தையைப் படித்தால் கை முந்திக்கொண்டு தப்பாக அடித்துவிடும். அன்றைக்கு என்னவோ படித்துவிட்டாள்.

"என்ன தம்பி இது? ஆடு, மாமா, குடைன்னு வருது. பார்ட்டிக்கு கூப்பிட வேண்டியவங்க லிஸ்ட்டா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபடியே சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு கருவியை எடுத்துக் காட்டினான். ஹார்டுவேர் வாலட் என்றான். அவனுடைய கிரிப்டோ சேமிப்புக்கு அதுதான் சாவி. அந்தச் சொற்களை அந்தக் கருவியே தன் குட்டித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டியதாம். அவன் கையால் தாளில் எழுதிக்கொண்டான். போட்டோ எடுக்கவில்லை, போனில் ஏற்றவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை.

"பழசு வாங்கக்கூடாதுக்கா. தயாரிக்கிறவங்ககிட்டயே நேரா வாங்கணும். சில பெட்டியில வார்த்தைங்க ஏற்கெனவே எழுதி வந்திருக்கும். அது பொறி. எழுதினவன் கையிலயும் ஒரு நகல் இருக்கும்ல? அப்புறம் ரகசிய எண் வைக்கணும். மூணு தடவ தப்பாப் போட்டா எல்லாத்தையும் அழிச்சுக்கும்."

"அழிஞ்சுட்டா பணம்?"

"வார்த்தை இருந்தா திரும்ப வந்துடும். முதல்ல சும்மா கொஞ்சம் போட்டு, நானே கருவிய அழிச்சு, வார்த்தைங்கள திரும்பப் போட்டுப் பாத்தேன். வந்துச்சு. அப்புறம்தான் மொத்தத்தையும் ஏத்தினேன். தாளு தண்ணி பட்டா போச்சு, நெருப்பு பட்டா போச்சு. அதான் ஸ்டீலு."

"வார்த்தை வேற ஒருத்தன் கையில கிடைச்சா?"

"அப்புறம் அவன்தான் முதலாளி. கருவியும் வேணாம், நம்பரும் வேணாம்."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "அப்படிப்பட்டதை எங்கிட்ட ஏன்டா தம்பி கொண்டுவந்தே?"

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இந்தக் கையால பிடிக்க முடியலக்கா. கப்பல் கிளம்பப் போகுது. உங்கள நம்பலாம்னு நெனச்சேன்."

நம்பலாம்தான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து தன் தலைக்குள் யாரோ ஒரு பொருளை வைத்துவிட்டுப் போனது போல இருந்தது அவளுக்கு. தட்டி முடித்த தகட்டைத் துணியில் சுற்றி, தாளைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு அவன் போனான்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். பெரிய கதையாகச் சொல்லவில்லை. கப்பல்காரப் பையனுக்கு இப்படி ஒரு தகடு தட்டினேன், அதிலே அவனோட சேமிப்பே இருக்காம். அவ்வளவுதான். அவர் "அடேங்கப்பா" என்றார். அதோடு விட்டார் என்று நினைத்தாள்.

ஷூக்காரன் வந்தது கப்பல் போய்ச் சில வாரங்கள் கழித்து. பெயர் சொல்லவில்லை; தூசி படிந்த அந்தத் தெருவில் அவன் ஷூ மட்டும் பளபளவென்று இருந்ததால் அவள் மனதில் அப்படியே பதிந்துவிட்டான். மெதுவாகப் பேசினான். முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கப்பல்காரர் எனக்கு மச்சான் முறை. அந்தத் தகடு தொலைஞ்சு போச்சாம். பாவம், துடிக்கிறாரு. உங்களுக்கு ஞாபகம் இருந்தா இன்னொண்ணு தட்டி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"அவரே போன்ல சொல்லட்டுமே."

"நடுக்கடல்ல ஏதும்மா போன்?"

"ஒரு நாளைக்கு எத்தனையோ தட்டறேன். எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

"எவ்வளவோ மறந்திருப்பீங்க. இதை மறந்திருக்க மாட்டீங்க." கோபமே இல்லாமல் சொன்னான். கால்மாட்டில் இருந்த, தப்பாகத் தட்டி ஒதுக்கிய கழிவுத் தகட்டுக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு நாய் வில்லை வாங்கிக்கொண்டு, எந்தப் பெயரும் பதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுபடி வந்தபோது ஒரு வாசல் பலகைக்கு ஆர்டர் கொடுத்தான். கதவு எண்ணும் தெருப் பெயரும் எழுதிய சீட்டை மேஜையில் வைத்தான். அவள் பழக்கப்படி எழுத்தை மட்டும் பார்த்துத் தட்டிக்கொண்டே போனாள். கடைசி எண்ணைப் பதித்து, தூசியை ஊதிவிட்டுத் தூக்கிப் பிடித்த பிறகுதான் முழுதாகப் படித்தாள். அவள் வீட்டு முகவரி.

"உங்க வீட்டுக் கதவுல நம்பர் மங்கிப் போச்சு. தேடி வர்றவங்களுக்குக் கஷ்டம். நீங்களே மாட்டிக்குங்க." கூலியைச் சரியாக வைத்துவிட்டு நடந்தான்.

அன்று கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் சட்டையில் கிரீஸ் கறையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பலகையை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னங்க, யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"நானா? சேச்சே."

"என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார். "நம்ம பசங்ககிட்ட... ஒரு பேச்சுக்கு. கப்பல்காரப் பையன் தகட்டப் பத்திச் சொல்லி, 'என் பொண்டாட்டி தலையில ஒரு பாங்க்கே இருக்கு'ன்னேன். ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் பாத்துட்டிருந்தோம். அங்க நாலு பேர் நின்னாங்க. பெருமையாத்தான்மா சொன்னேன்."

அவளுக்குத் திட்டக்கூட வரவில்லை. அவர்தான் தலையில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கூட வாழ்ந்த காலத்தில் அவர் வாயடைத்துப் போய் அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

போலீஸ் நிலையத்துக்கும் போனார்கள். மிரட்டினானா என்று கேட்டார் அதிகாரி. இல்லை. திட்டினானா? இல்லை. பலகை செய்யச் சொல்லிக் காசும் கொடுத்திருக்கிறானே, இதை என்னவென்று எழுதுவது என்றார். அவர் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது.

உண்மையில் அவளை அரித்தது வேறொன்று. ஞாபகம் இல்லை என்று ஷூக்காரனிடம் சொன்னாளே, அது பொய். ஆடு, மாமா, குடை. சிரித்துச் சொன்ன அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அதற்கடுத்தது. முதல் வரிசை முழுதும் வந்துவிட்டது. காய் நறுக்கும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது. மறக்க வேண்டும் என்று நினைத்தாலே வரிசையாக வந்து நின்றன. தூக்கத்தில் உளறிவிட்டால்? கணவர் காதில் விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தில் கூடத்தில் தனியாகப் படுக்க ஆரம்பித்தாள்.

பில் புத்தகத்தில் இருந்த கப்பல்காரனின் எண்ணுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள்: 'அவசரம், கூப்பிடு.' கப்பல் ஏதோ துறைமுகத்தை ஒட்டி வந்தபோது அவன் கூப்பிட்டான். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"எனக்கு மச்சானே கிடையாதுக்கா. அவன் ஏதாவது வாங்கிட்டானா?"

"இல்ல. ஆனா தம்பி, எனக்கு ஒரு வரிசை தெரியும். வேணும்னு இல்ல. போக மாட்டேங்குது."

என்ஜின் இரைச்சல் குறைகிற இடத்துக்கு அவன் நகர்வது கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னான். "தப்பு என்னுது. கருவிய விட்டு வெளிய இன்னொருத்தர் கண்ணுக்குப் போன அன்னிக்கே அது செத்துப்போன வார்த்தை. எங்கிட்ட புதுசா ஒரு கருவி இருக்கு. அதுல வேற வார்த்தைங்க உண்டாக்கி, கொஞ்சம் அனுப்பிப் பாத்துட்டு, மொத்தத்தையும் மாத்திடறேன். போய்ச் சேர வேண்டிய முகவரிய கருவியோட திரையில சரிபாத்துதான் அனுப்புவேன். கம்ப்யூட்டர் திரைய நம்ப மாட்டேன்."

அன்றே மாற்றிவிட்டான். "முடிஞ்சுதுக்கா. இனி அது வெறும் ஆடு, வெறும் மாமா. யாரு கேட்டாலும் தாராளமாச் சொல்லுங்க."

அந்த வாரம்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஷூக்காரன் மறுபடி வந்து முக்காலியில் உட்கார்ந்ததும், அவள் காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் கொட்டினாள். இந்தாங்க, நாலு வரிசையில எனக்குத் தெரிஞ்சது இந்த முதல் வரிசைதான், எழுதிக்குங்க. எல்லாத்தையும் மாத்தியாச்சு, உள்ள ஒண்ணுமே இல்ல.

அவன் எழுதிக்கொள்ளவில்லை. புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தான். "இவ்வளவு சுலபமாச் சொல்றீங்கன்னா, இது அது இல்ல. இல்லேன்னா மிச்சம் மூணு வரிசைய மறைக்கிறீங்க." எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். "அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுக்காரர் இப்போ எந்தக் கட்டடத்துல வேலை? எட்டு மாடிக் கட்டடம், இல்ல? கவனமா இருக்கச் சொல்லுங்க. அந்த லிஃப்ட் குழி ரொம்ப ஆழம்."

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. கருவிக்குள் இருந்த சொற்களை ஒரே நாளில் மாற்றிவிடலாம். அவள் தலைக்குள் இருப்பதாக இன்னொருவன் நினைப்பதை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது. தெரியாது என்பதை எதை வைத்து நிரூபிப்பது?

ஒரு நாள் காலையில் கடைப் பூட்டு அறுந்து கிடந்தது. மிஷின் இருந்தது, கல்லா இருந்தது, பஞ்ச் பெட்டி இருந்தது. கழிவுத் தகட்டுக் கூடை மட்டும் துடைத்து எடுத்தாற்போல் காலி. கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். யாரிடமும் பேசுவதில்லை. பழகியவர்கள் வந்து வம்புக்கு இழுத்தாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

கப்பல்காரன் ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்குத்தான் வந்தான். கட்டுப் பிரிந்த கையில் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது. துணியைப் பிரித்துத் தகட்டை எடுத்தான். "ஆணி இருக்காக்கா?"

"எதுக்குடா?"

"தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் படிக்கற மாதிரி வாசல்ல அடிக்கப்போறேன். இருபத்து நாலும் இருக்கு. எவன் வேணும்னாலும் போட்டுப் பாக்கட்டும். காலின்னு தெரியும். என்னிக்கு எடுத்தாங்கன்னும் தெரியும். அப்புறம் உங்க தலையில என்ன இருந்தா அவனுக்கு என்ன?"

கணவர்தான் ஆணி எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "தம்பி, உள்ள பாத்தா எவ்வளவு இருந்துச்சுன்னும் தெரியுமா?"

"தெரியும் அண்ணே. எங்க போச்சுன்னும் தெரியும். அந்தக் கணக்கு எல்லார் கண்ணுக்கும் திறந்ததுதான்."

"அப்போ அவன் உன்னத் தேடி வருவானே."

அவன் ஆணியைத் தகட்டின் ஓரத்தில் வைத்தான். "வரட்டும். பொருளு என்னுது. அக்கா வாசல்ல வந்து நிக்கறவன் என் வாசல்லதான் நிக்கணும்."

அடித்தான். டொக்டரம்மா தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமோ என்று அவள் பின்னால் பல தடவை நினைத்ததுண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குள் எழுந்தது நன்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. மூச்சு மட்டும் இலேசானது. அப்படி இலேசானதற்காகத்தான் பிறகு வெட்கப்பட்டாள்.

ஷூக்காரன் வந்தான். கடைக்குள் நுழையவே இல்லை. வாசலில் நின்று நிதானமாகப் படித்து, போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவள் முக்காலியில் அவன் உட்காரவில்லை.

அந்த வார முடிவில் கப்பல்காரன் வீடு பூட்டியிருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு காலி செய்துவிட்டான் என்றார்கள்; எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் எண் அணைந்திருந்தது. பளபள ஷூ போட்ட ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்ததாக, பால் போடுகிறவர் சொன்னார். டொக்டரம்மா தகட்டைப் பிடுங்கி, அரத்தால் ராவி, ஒரு எழுத்துக்கூட மிஞ்சாமல் ஆக்கினாள். அவனிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. வராமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று கணவரிடம் சொல்வாள். அவர் தலையாட்டுவார்.

இப்போதும் அந்த மாதிரி வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள். அவள் தட்டித் தருவதில்லை. பஞ்சையும் சுத்தியலையும் வாடகைக்குக் கொடுத்து, வெற்றுத் தகட்டில் இரண்டு எழுத்து அடிக்கச் சொல்லிக்கொடுத்து, உள் அறைக்கு அனுப்பிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். போன வாரம் ஒரு இளம்பெண் வந்தாள். வெகுநேரம் தட்டிவிட்டு, வியர்த்துப்போய்த் தகட்டோடு வெளியே ஓடிவந்தாள்.

"அக்கா, இந்த எழுத்து மட்டும் சரியா விழுந்திருக்கான்னு பாருங்களேன்."

டொக்டரம்மா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். "உள்ள போ தாயி. முதல்ல உள்ள போ."

காலடிச் சத்தம் உள்ளே போய்க் கதவு சாத்திய பிறகே கண்ணைத் திறந்தாள். எதிர்ப்புறம் ஒருவன் கடையைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவன் பஸ்ஸுக்குத்தான் நின்றான். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான். ஆனால் அது வரும்வரை அவள் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.